வெள்ளநீரைக் கடந்த கார்: செல்ஃப் அடிப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

வெள்ளநீரில் ஓடிய காருக்குச் சேதம் இரண்டு விதமாக வரும். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் ஒரே நொடியில் வருவது ஒன்று. கனெக்டர், பேரிங், கார்ப்பெட் என்று உள்ளே ஒளிந்த ஈரம் வாரக்கணக்கில் அரித்து வருவது இன்னொன்று. முதல் வகையைத் தடுப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதனால் கார் தண்ணீரில் நின்றுபோயிருந்தால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தண்ணீர் ஏறிய மட்டம்

காரைச் சமதளத்தில், தண்ணீர் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். கதவிலும், சக்கரத்திலும், பானெட்டின் உள்ளேயும் சேற்றுக் கோடு படிந்திருக்கும். கழுவுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். காப்பீடு கோரும்போது அந்தக் கோடுதான் சாட்சி. சக்கரத்தின் நடுமையத்துக்குக் கீழேயே தண்ணீர் நின்றிருந்தால் பிரேக்கையும் அடிப்பகுதியையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். அதைத் தாண்டினால் பேரிங், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் கணக்கில் வரும். கதவின் அடிவிளிம்பைத் தாண்டினால் உட்புற வயரிங்கும் சேரும். கடல்நீர் கலந்திருந்தால் மட்டம் குறைவாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். உப்பு அரிப்பை வேகப்படுத்தும்.

2. கார் தண்ணீரில் நின்றுபோயிருந்தால்

மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் காரானாலும் இதே விதிதான்.

காரணம் எளிது. பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும். டீசலில் அதைவிட அதிகமாகச் சுருக்கும். தண்ணீர் அப்படிச் சுருங்காது. மேலே இருக்கும் சின்ன இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் பிஸ்டன் முட்டி நிற்கும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் ஓடவும் செய்யும், அதுதான் ஆபத்து. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்து, ஆட்டம் காட்டி, பிறகொரு நாள் ராட் உடைந்து இன்ஜினின் உடலான பிளாக்கையே துளைத்துவிடும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள்: பெட்டியின் அடி, ஃபில்டர் காகிதம், ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாய். குழாயின் உட்சுவரில் சுத்தமான துணியைச் சுற்றிய விரலால் தடவுங்கள். அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம், ஃபில்டரும் குழாயும் உலர்வு என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆயிலைப் பார்க்காமல் அப்போதும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, குழாயில் சேறோ நீர்த்துளியோ ஒட்டினாலோ, கட்டியிழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். ஆட்டோமேட்டிக் காரை, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. சக்கரம் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் (டீசலானால் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டரை) கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய இரண்டு சுற்று வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம்.

3. ஆயில்

ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். பால் கலந்த காபி நிறமோ, மேல் கோட்டைத் தாண்டிய அளவோ தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் டிப்ஸ்டிக் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. இன்ஜின் ஓடாமல் நின்றிருந்தால் கலக்காமல், இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் தனியாகத் தங்கும். இன்ஜின் ஆறியபின், கார் உறுதியான ஸ்டாண்டில் நிற்கும்போது, சம்ப்பின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்பது கண்ணுக்கே தெரியும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

தண்ணீர் கலந்திருந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்ற வேண்டும். நின்ற இடத்திலேயே இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி வெளுத்தால் மறுபடியும் மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். அதன் மேல் ஒரு சிறிய மூச்சுக்குழாய் இருக்கும். சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் சட்டெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆட்டோமேட்டிக்கில் சிவப்பு ஆயில் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பொருள் தண்ணீரில் பிரியும்.

4. பிரேக்

கார் நிற்காமல் கடந்து வந்துவிட்டது என்றால் முதல் வேலை இதுதான். ஆளில்லாத சாலையில் 20–30 கி.மீ. வேகத்தில் பிரேக்கைச் சில தடவை மெல்ல அழுத்தி விடுங்கள். டிஸ்க் சீக்கிரம் காயும். டிரம்மில் தண்ணீரும் சேறும் தங்கும். கார் ஒரு பக்கம் இழுத்தாலோ கரகரத்தாலோ டிரம்மைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவெல்லாம் விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

அடியில் ஆக்சில், சைலன்சரில் பிளாஸ்டிக் பையோ புல்லோ சுற்றியிருந்தால் சைலன்சர் ஆறியதும் அகற்றுங்கள். காய்ந்த புல் சூடான சைலன்சரில் தீப்பிடிக்கும். ரேடியேட்டர் ஃபேன் இறக்கை உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. கார்ப்பெட்டும் வயரிங்கும்

மேட்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டின் மேல் செய்தித்தாளை வைத்துக் காலால் அழுத்துங்கள். மேலே தொட்டால் உலர்வாக இருக்கும்; அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தாள் நனைந்தால், வெயிலில் கதவைத் திறந்து வைப்பது போதாது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, ஃபோமை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். பல கார்களில் வயரிங் கட்டு அந்த ஃபோமுக்கு அடியில்தான் ஓடுகிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. நீங்கள் தொடாமல் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

நனைந்த ஃபியூஸ் பெட்டியையும் கனெக்டர்களையும் பேட்டரி கழற்றிய நிலையிலேயே திறந்து, எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பச்சை அல்லது வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.

எலக்ட்ரிக் அல்லது ஹைபிரிட் காரானால் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே வேண்டாம். நீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி, முக்கியமாக உப்புநீரில் மூழ்கியது, பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் நிலையத்தை அழையுங்கள்.

6. அடுத்த சில வாரங்கள்

வேகம் கூடக் கூட உயரும் ஊங்காரச் சத்தம் கேட்டால் வீல் பேரிங்கில் கிரீஸ் கெட்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது கடக் கடக் என்றால் ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான ஆக்சில் பூட் கிழிந்து தண்ணீர் போயிருக்கலாம். டீசல் காரில் எரிபொருள் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், அது தானாக அணைந்துவிட்டாலும் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள். கோளாறின் குறியீடு பெரும்பாலும் உள்ளே பதிவாகியிருக்கும்.