நிலம் வாங்கும் முன், பிரிக்கும் முன்: பாதை உரிமையைப் பார்ப்பதும் எழுதுவதும்

கார் வரப்பு வரைக்கும் போய்விட்டால், பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "முப்பது வருசமா இப்படித்தான் போறோம், யாரு தடுக்கப் போறா?" என்று தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்துக்காரர் சம்மதித்து விட்ட வழியில் எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை பிறக்காது. அவர் நிலத்தை விற்றதும், வாங்கியவர் கம்பிவேலி போட்டுவிடலாம்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தத் தடம் யாருடையது என்று பாருங்கள். அது அரசுப் புறம்போக்காக இருக்கலாம், பலருக்குப் பொதுவான பட்டா நிலமாக இருக்கலாம், அல்லது ஒரு தனியாரின் நிலமாக இருக்கலாம். தமிழக வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்ற அரசுப் பதிவு) எடுக்கலாம். நீங்கள் வாங்கும் சர்வே எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது. தார்ச்சாலை வரைக்கும் வழியில் வரும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எடுங்கள். பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்றிருந்தால் நல்லது. ஆனாலும் படத்தில் உள்ள பாதையை யாராவது உழுது சேர்த்திருப்பார்கள், ஊரார் நடப்பது வேறு தடமாக இருக்கும். இது அடிக்கடி நடப்பது. நில அளவைக்குக் கட்டணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். 'வாய்க்கால்', 'ஓடை' என்றிருந்தால் அதைப் பாதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கரைமேல் டிராக்டர் ஓடுகிறது என்பதால் அது பாதை ஆகாது. குறுக்கே பாலம் போடவும் அரசின் அனுமதி வேண்டும்.

தனியார் நிலத்தின் வழியே போவதென்றால் பத்திரங்களைப் படிக்க வேண்டும். பட்டாவிலும் சிட்டாவிலும் வழிப்பாத்தியம், அதாவது பிறர் நிலத்தின் வழியே போகும் உரிமை, வராது. மூலப் பத்திரத்திலும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் நான்கெல்லையைப் பாருங்கள். "மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உட்பட" (வழக்கமான வண்டிப்பாதை உரிமையும் சேர்த்து) என்ற ஒரு வரி இருந்தால், அந்த உரிமையைக் கொடுத்தவருக்குப் பாதை நிலம் அன்று சொந்தமாக இருந்ததா என்றும் பாருங்கள். விற்பவர் தனக்கே இல்லாத பாதையைத் தன் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அந்த எழுத்து பாதை நிலத்துக்காரரைக் கட்டுப்படுத்தாது.

"வேற வழியே இல்லாட்டி சட்டமே வழி குடுக்கும்" என்ற நம்பிக்கை பாதிதான் சரி. இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882-இன் 13-ஆம் பிரிவு தரும் அவசிய வழி, ஒரே உரிமையாளரின் நிலம் விற்பனையிலோ பாகத்திலோ பிரிந்ததால் அடைபட்ட நிலத்துக்கு மட்டுமே. சம்பந்தமில்லாத மூன்றாம் நபரின் நிலத்தில் அதைக் கேட்க முடியாது. சுற்றிப் போக வேறு வழி இருந்தாலும் கிடைக்காது. பின்னால் வேறு வழி கிடைத்துவிட்டால் 41-ஆம் பிரிவின்படி அந்த உரிமை முடிந்துவிடும். நீண்ட அனுபவத்தால் வரும் உரிமைக்கு 15-ஆம் பிரிவு 20 ஆண்டுகள் கேட்கிறது, அரசு நிலமென்றால் 30. பகிரங்கமாக, தடையில்லாமல், உரிமையாகவே போய்வந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் நம்பி நிலம் வாங்காதீர்கள். பாதைக்குரிய நிலக்கீற்றைக் கிரயம் வாங்குவதே சிறந்தது. 16 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 4,800 சதுர அடி, அதாவது சுமார் 11 சென்ட். அந்தச் செலவு பிற்கால வழக்குக்கு முன்னால் பெரிதல்ல. விற்க மாட்டேன் என்றால் பொதுப்பாதையில் பிரிபடாத பங்கு கேளுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் பதிவு செய்த வழிப்பாத்தியப் பத்திரம். முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் வைத்துக்கொள்வது பாதுகாப்பில்லை.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிராக்டருக்கு 8 அடி போதும் என்பார்கள். ஆனால் நெல் அறுக்கும் சக்கர இயந்திரத்தின் வெட்டும் பகுதியே 14 அடி வரை இருக்கும். போர்வெல் லாரி திரும்ப வளைவில் கூடுதல் இடம் வேண்டும்.

பத்திரத்தில் இப்படி எழுதலாம்: "சர்வே எண் ……-ல் தென்புற எல்லையை ஒட்டி, கிழமேல் 300 அடி, தென்வடல் 16 அடி அளவுள்ள பாதையில், கிரயம் பெறுபவரும் அவரது வாரிசுகளும் அவர்களிடம் உரிமை பெறுவோரும் நடந்தும், டிராக்டர், லாரி முதலிய வாகனங்களிலும் எந்நேரமும் சென்றுவரவும், பூமிக்கடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் பதித்துப் பராமரிக்கவும் நிரந்தர பாத்தியம் உண்டு." குழாயைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரு வகை வழி உரிமை இன்னொரு வகையைத் தராது என்கிறது 28-ஆம் பிரிவு. யார் பராமரிப்பது, கேட் போடலாமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் சொத்து விவரம். பாதை நிலத்தின் சர்வே எண் பத்திரத்தின் நடுவில் மட்டும் இருந்தால், அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுப்பவருக்கு உங்கள் பாத்தியம் தெரியாமலே போகும். பாதையைத் தனிச் சொத்து விவரமாக, வரைபடம் இணைத்துப் பதியுங்கள். பாதை நிலத்துக்கும் நீங்கள் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அடமானம் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பட்டாவில் பெயர் இல்லாத மகள்களுக்கும் பங்கு இருக்கலாம், விசாரியுங்கள்.

நிலத்தைப் பிரிப்பவர்கள் முதலில் பாதையை வரைந்து, மிஞ்சியதைப் பங்கு போடுங்கள். கடைசிப் பங்கு வரைக்கும் பாதை போக வேண்டும், முடியும் இடத்தில் வண்டி திருப்ப இடம் விட வேண்டும். கிணறு பொதுவென்றால் கிணற்றுக்கும் தனித் தடம் விடுங்கள். வெளியே போகும் வழி பிறர் நிலத்தில் இருந்தால், பிரிந்த ஒவ்வொரு பங்குக்கும் அந்த உரிமை தொடரும். ஆனால் அந்த நிலத்தின் சுமை கணிசமாகக் கூடக்கூடாது என்பது 30-ஆம் பிரிவு. ஒரு தோட்டத்துக்கு விட்ட வண்டித்தடத்தை நாற்பது வீட்டுமனைகளுக்குப் பாதையாகக் காட்டி விற்றால் தடை உத்தரவு வரும். மனைகளுக்கு முறையான அனுமதி வாங்க வேண்டியதும் தனியே இருக்கிறது.

பாதையை அடைத்துவிட்டால் உடனே தேதியுடன் புகைப்படம் எடுத்து, எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால் அது உங்கள் அனுபவத்தில் விழுந்த தடையாகிவிடும். தனியார் பாதை உரிமையை வட்டாட்சியர் தீர்மானிக்க முடியாது. உரிமை விளம்புகையும் (உரிமை உண்டு என்ற அறிவிப்பு) உறுத்துக்கட்டளையும் (தடுக்கக் கூடாது என்ற உத்தரவு) கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமித்து, சர்வேயர் துணையோடு பாதையை அளக்க மனுவும் அப்போதே போடுங்கள். "பாதை எனக்குச் சொந்தம்" என்றும், "அவர் நிலத்தில் எனக்குப் பாத்தியம்" என்றும் குழப்பி எழுதிய வழக்குகள் தோற்கின்றன. எது உங்கள் உரிமை என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு மனு எழுதச் சொல்லுங்கள்.