ஒரே பெயர், பல ஆட்கள், பல ஊர்கள்: 'ஹாமில்டன்' பட்டியல் போடுவது எப்படி?

தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு வகைப் பக்கம் உண்டு. ஒரே பெயரில் இருக்கும் ஆட்கள், ஊர்கள், பொருள்களை வரிசையாக வைத்து, உங்களுக்கு வேண்டியது எது என்று கேட்கும் பக்கம் அது. புதிதாக எழுத வருகிறவர்கள் கைபழக இது நல்ல இடம். பத்தி பத்தியாக எழுதத் தேவையில்லை, ஒவ்வொரு வரியிலும் ஆளைச் சரியாகப் பிடித்தால் போதும். ஆனால் அதுதான் கஷ்டம். அதிலும் ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் ரொம்பவே குழப்பும், ஏனென்றால் பிரிட்டிஷார் போன இடமெல்லாம் தங்கள் பெயரை வைத்துவிட்டு வந்தார்கள். ஹாமில்டன் என்ற பெயரை எடுத்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம்.

படி 1: எழுத்துக்கூட்டலைச் சேகரியுங்கள்

ஹாமில்டன், ஹேமில்டன், ஆமில்டன், ஹாமில்ட்டன். தமிழில் இத்தனை விதமாகவும் எழுதுகிறார்கள். ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றை அதற்கு வழிமாற்று ஆக்கிவிடுங்கள், அதாவது அந்த வடிவத்தில் தேடினாலும் இதே பக்கத்துக்கு வந்துவிடும். தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டும்.

சென்னைக்காரர்கள் இன்னொரு வடிவத்தையும் மறக்கக் கூடாது. பக்கிங்காம் கால்வாயின் மேல் இருந்த ஹாமில்டன் பாலம், ஊர் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆனது. அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதினார்கள் என்று பழைய சென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இப்போது அது அம்பேத்கர் பாலம். பட்டியலில் அதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

படி 2: ஆட்களை முழுப்பெயரோடு எழுதுங்கள்

முதலில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், 10 டாலர் நோட்டில் இருப்பவர், 1804இல் ஆரன் பர்ரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் குண்டடி பட்டு இறந்தவர். ஃபார்முலா 1 பந்தயத்தில் 7 முறை உலகப் பட்டம் வென்ற லூயிஸ் ஹாமில்டன். இவர்கள் எளிது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முன்பெயரும் சேர்ந்து ஒன்றாக இருக்கும்போது. மார்கரெட் ஹாமில்டன் என்று இரண்டு பேர். ஒருவர் அப்பல்லோ விண்கலங்களின் பறப்பு மென்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இன்னொருவர் 1939இல் ஒரு ஹாலிவுட் படத்தில் பச்சை முகத்துச் சூனியக்காரியாக வந்த நடிகை. ரிச்சர்ட் ஹாமில்டனும் இரண்டு பேர்: ஒருவர் பிரிட்டிஷ் பாப் ஓவியர், மற்றவர் வடிவியலில் ரிச்சி பாய்வு என்ற சமன்பாட்டைக் கொண்டுவந்த அமெரிக்கக் கணிதவியலாளர்.

வில்லியம் ஹாமில்டன் விஷயத்தில் ஒரு கூட்டமே நிற்கிறது. டப்ளினைச் சேர்ந்த வில்லியம் ரோவன் ஹாமில்டன் கணிதவியலாளர். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது குவாட்டர்னியன் (நான்கு உறுப்புகள் கொண்ட ஒரு வகை எண்) சமன்பாடு தோன்ற, அதைப் பாலத்துக் கல்லிலேயே கீறிவைத்தவர். அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு சர் வில்லியம் ஹாமில்டன், அவர் தத்துவவாதி. அவருக்கு முன்னால் நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்து வெசுவியஸ் எரிமலையை ஆராய்ந்த ஒரு சர் வில்லியம் ஹாமில்டன். கடற்படைத் தளபதி நெல்சனின் காதலி எம்மா, இவருடைய மனைவிதான். 20ஆம் நூற்றாண்டில் பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன். நியூசிலாந்தில் ஜெட் படகை உருவாக்கிய பில் ஹாமில்டன். 'பில்' என்றால் வில்லியம்தான், இவரும் சர் பட்டம் பெற்றவர்.

இன்னொருவர் நம் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹாமில்டன். டில்லியில் முகலாயப் பேரரசர் பரூக்சியரின் நோயைக் குணப்படுத்தினார். 1717இல் கம்பெனிக்கு வங்காளத்தில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் மட்டும் கட்டிவிட்டுச் சுங்கமில்லாமல் வியாபாரம் செய்ய அனுமதி கிடைத்ததில் அவர் வைத்தியத்துக்கும் பங்கு உண்டு என்பார்கள். அதே ஆண்டில் இறந்தார். கல்லறைக் கல் கொல்கத்தா செயின்ட் ஜான் தேவாலயத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், தமிழ்ப் பட்டியலில் இவரை எம்மாவின் கணவருக்கு மேலே வைப்பேன்.

படி 3: கோட்பாடு யாருடையது என்று பாருங்கள்

'ஹாமில்டன் விதி' என்று உயிரியலில் வந்தால், அது 1964இல் உறவினருக்காக உயிரினங்கள் செய்யும் தியாகத்தைக் கணக்கால் விளக்கிய டபிள்யூ. டி. ஹாமில்டனுடையது. இயற்பியலில் ஓர் அமைப்பின் ஆற்றலைக் குறிக்கும் 'ஹாமில்டோனியன்' வந்தால் டப்ளின்காரர். வினாடி வினாக்களில் இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடும்.

படி 4: ஒவ்வோர் ஊருக்கும் 'யார் பெயர்?' என்று கேளுங்கள்

புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். ஹாமில்டன் என்ற ஊரைப் பார்த்ததும் அமெரிக்க நிதிச் செயலர் பெயர்தான் என்று எழுதிவிடுவார்கள். ஒஹாயோவில் இருக்கும் ஹாமில்டனுக்கு அது சரி. கீழே வரும் ஊர்களுக்குச் சரிவராது.

கனடாவின் இரும்பு நகரமான ஹாமில்டன், அந்த இடத்தை வாங்கி மனை பிரித்த ஜார்ஜ் ஹாமில்டன் பெயரில் இருக்கிறது. நியூசிலாந்து ஹாமில்டன், 1864இல் கேட் பா போரில் மாவோரிகளோடு மோதி இறந்த கடற்படை கேப்டன் ஜான் ஹாமில்டன் பெயரில். அந்த இடத்துக்கு மாவோரிகள் வைத்த பெயர் கிரிகிரிரோவா. 2020 ஜூனில் அந்த கேப்டனின் சிலையை நகராட்சியே அப்புறப்படுத்தியது. கலிபோர்னியாவில் லிக் வானாய்வகம் நிற்கும் ஹாமில்டன் மலை, அதன் மேல் ஏறிய ஒரு கிறித்தவப் போதகர் பெயரில்.

பெர்முடாவில் நின்று நிதானமாகப் பாருங்கள். தலைநகர் ஹாமில்டன், ஆளுநர் ஹென்றி ஹாமில்டன் பெயர் கொண்டது. அதே தீவில் ஹாமில்டன் பாரிஷ் என்ற நிர்வாகப் பிரிவும் இருக்கிறது. தலைநகர் அந்தப் பாரிஷுக்குள் இல்லை, பெம்புரோக் பாரிஷில் இருக்கிறது! பாரிஷின் பெயர் அதற்கும் முந்தைய ஒரு ஹாமில்டன் பிரபுவைக் குறிக்கிறது. ஆகவே இரண்டு வரி, இரண்டு இணைப்பு.

இலங்கையில் கொழும்பையும் நீர்கொழும்பையும் இணைக்கும் ஹாமில்டன் கால்வாய், பிரிட்டிஷார் 1802 முதல் 1804 வரை வெட்டியது. கேவின் ஹாமில்டன் என்ற அதிகாரியின் பெயர். பலர் அதை டச்சுக் கால்வாய் என்றே சொல்கிறார்கள், அதனால் காலத்தையும் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

ஸ்காட்லாந்தின் ஹாமில்டனுக்கு முன்பு காட்சோ என்று பெயர். 1445இல் ஹாமில்டன் குடும்பத்தின் பெயரை ஏற்றது.

படி 5: யாரைச் சேர்க்கலாம், யாரை விடலாம்?

ஹாமில்டன் ஃபிஷ் என்பவர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வெளியுறவுச் செயலர். அவருக்கு ஹாமில்டன் முன்பெயர், குடும்பப்பெயர் ஃபிஷ். அவரை 'முன்பெயர்' என்ற தனித்தலைப்பின் கீழ் வையுங்கள்.

பிரான்சிஸ் புக்கானன் வேறு வகை. 1800-01இல் மைசூர், கனரா, மலபார்ப் பகுதிகளைச் சுற்றிக் குறிப்பெடுத்தவர், பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். மீன்நூல்களில் ரோகு, கட்லாவின் அறிவியல் பெயருக்குப் பின்னால் 'ஹாமில்டன், 1822' என்று இருப்பது இவர்தான். இவரை இரண்டு பெயரிலும் தேடுவார்கள், ஆகவே சேர்க்கத்தான் வேண்டும்.

படி 6: வரியை எழுதுங்கள்

பெயர், பிறந்த-இறந்த ஆண்டு, நாடு, தொழில். அவ்வளவுதான். 'உலகப் புகழ்பெற்ற', 'மாபெரும்' எல்லாம் வேண்டாம். இப்படி:

வில்லியம் ரோவன் ஹாமில்டன் (1805–1865), அயர்லாந்துக் கணிதவியலாளர்
ஹாமில்டன், பெர்முடாவின் தலைநகர்
ஹாமில்டன் பாரிஷ், பெர்முடாவின் ஒரு நிர்வாகப் பிரிவு

ஆண்டில் சந்தேகம் இருந்தால் அதையே எழுதலாம். அலெக்சாண்டர் ஹாமில்டன் பிறந்தது 1755ஆ 1757ஆ என்று அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை, ஆகவே '1755 அல்லது 1757–1804'.

படி 7: மணல்தொட்டியில் போட்டுப் பாருங்கள்

உங்கள் பயனர் கணக்கின் மணல்தொட்டியை (எழுதிப் பார்க்கும் பயிற்சிப் பக்கம்) திறந்து, ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு நட்சத்திரக் குறி, பெயரைச் சுற்றி இரட்டைச் சதுர அடைப்பு போடுங்கள். ஆட்கள், இடங்கள், பிற என்று பிரியுங்கள். முன்தோற்றத்தில் ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்கி, வேறு ஹாமில்டனிடம் போய் நிற்கிறதா என்று பாருங்கள். சிவப்பாக இருந்தால் அந்தக் கட்டுரை தமிழில் இன்னும் வரவில்லை என்று பொருள், அதை அழிக்க வேண்டாம். அடியில் பக்கவழி நெறிப்படுத்தல் வார்ப்புருவை (இது எந்த வகைப் பக்கம் என்று காட்டும் ஆயத்தக் குறிப்பு) சேர்த்துவிட்டு வெளியிடுங்கள். அப்புறம், படி 1இல் சேகரித்த எழுத்துக்கூட்டல்களுக்கு வழிமாற்றுகளைப் போட மறக்காதீர்கள்.