கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் முன் வி-சிங்கை அணையுங்கள்

கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை அளக்கப் போகிறீர்களா? முதலில் வி-சிங்க் (ஃப்ரேம்களைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி), எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம்) வரம்பு, ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே செயற்கை ஃப்ரேம்களைச் சேர்க்கும் வசதி) மூன்றையும் அணைத்துவிடுங்கள். வி-சிங்க் இருந்தால் 60 ஹெர்ட்ஸ் திரையில் எந்தக் கார்டும் 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டாது. நல்ல கார்டும் சுமாரான கார்டும் ஒன்றுபோலவே தெரியும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவைத்தே சோதியுங்கள்.

முதல் ஓட்டத்தின் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பல கேம்களில் ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) அப்போதுதான் தயாராகும், கார்டும் சூடாகியிருக்காது. பத்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அதே காட்சியை அதே செட்டிங்கில் மூன்று முறை ஓட்டி, அளவில் நடுவில் வரும் எண்ணை எடுங்கள்.

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லிவிநாடி. அவ்வப்போது ஒரு ஃப்ரேம் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டாலும் சராசரி பெரிதாக அசையாது. ஆனால் ரேஸ் கேமில் வளைவு திரும்பும்போது கார் ஒரு கணம் திணறி நிற்பது கண்ணில் குத்தும். அதைக் காட்டிக்கொடுப்பது, மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகத்தைச் சொல்லும் '1% லோ' எண்தான். இலவசமாகக் கிடைக்கும் கேப்ஃப்ரேம்எக்ஸ் மென்பொருள் சராசரி, 1% லோ இரண்டையும் காட்டும். 3டிமார்க் என்ற சோதனை மென்பொருள் தரும் மதிப்பெண் கார்டுகளை ஒப்பிட நல்லதுதான், ஆனால் நீங்கள் ஆடும் கேம் எப்படி ஓடும் என்பதை அது சொல்லாது.

சரி, ரெசல்யூஷனை 1440பி-யிலிருந்து 1080பி-க்குக் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறவே இல்லையா? சிக்கல் கார்டில் இல்லை, பெரும்பாலும் பிராசஸரில்தான். அந்த நிலையில் புதுக் கார்டுக்குப் பணம் போடாதீர்கள்.