விழுங்குவதில் சிரமம்: உணவுக்குழாய்த் தசைகளைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுங்கிய உணவு தன் எடையாலேயே இறங்கி இரைப்பைக்குப் போய்ச் சேருகிறது என்று எண்ணுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயின் சுவரில், உள்ளே வட்டமாக ஓர் அடுக்கும் வெளியே நீளவாக்கில் ஓர் அடுக்குமாகத் தசைகள் அமைந்துள்ளன. விழுங்கியவுடன் மேலிருந்து தொடங்கும் சுருங்கும் அலை, நொடிக்குச் சுமார் 3 முதல் 4 சென்டிமீட்டர் வேகத்தில் கவளத்தைத் தள்ளிக்கொண்டு, பத்து நொடிகளுக்குள் அடிமுனையை அடைகிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு உள்ளே போவது இந்த அலையால்தான். வழியில் ஏதேனும் தேங்கிவிட்டால், அதனால் சுவர் விரிவடைந்த இடத்திலிருந்து, நாம் மறுபடி விழுங்காமலேயே, இன்னோர் அலை கிளம்பி அதை அப்புறப்படுத்துகிறது.

தசை சுருங்குவதை மட்டுமே பார்த்துவிட்டு, அது தளர்வதை மறந்துவிடுவது இரண்டாவது தவறு. உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசை மற்ற நேரங்களில் இறுகியே இருந்து, அமிலம் மேலே ஏறாமல் காக்கிறது. விழுங்கத் தொடங்கிய ஓரிரு நொடிகளில், அலை வந்து சேருவதற்கு முன்பே, அது தளர்ந்து வழிவிடுகிறது. தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடுதான் இதற்கு முக்கியக் காரணம். தண்ணீரை மடமடவென்று குடிக்கும்போது ஒவ்வொரு விழுங்கலும் முந்தைய அலையை அடக்கிவிட, கடைசி வாய்த் தண்ணீருக்குப் பிறகே முழு அலை ஒன்று கீழ்வரை ஓடுகிறது. இத்தகைய தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் வருவதே அகலேசியா என்னும் நோய்: சுருக்குத்தசை திறப்பதில்லை, குழாயின் முறையான அலையும் இல்லாமல் போகிறது. இது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வரும் அரிய நோய் என்பதால்தான் எளிதில் கவனத்துக்கு வராமல் போகிறது.

நெஞ்செரிச்சல் என்றவுடன் அமில நோய் என்று முடிவுகட்டி, மாத்திரையை மாதக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே போவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் அதிகத் துன்பம் தரும் தவறு. அகலேசியாவில் குழாயிலேயே தேங்கிப் புளிக்கும் உணவும் எரிச்சலை உண்டாக்கும். ஆனால் எதுக்களித்து வருவது பெரும்பாலும் செரிக்காத உணவாகவே இருக்கும். படுத்தபின் அது தொண்டைக்கு ஏறி இருமலை எழுப்பும். புற்றோ தழும்போ குழாயை அடைக்கும்போது, முதலில் கெட்டியான உணவும் பிறகே திரவமும் சிக்கும். தசை இயக்கக் கோளாறிலோ பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே தண்ணீரும் சேர்ந்து சிக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பது, நடுவில் எழுந்து நிற்பது, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் தட்டின் முன் உட்கார்ந்திருப்பது போன்றவற்றை வீட்டார் வெறும் பழக்கமென்று விட்டுவிடக் கூடாது. அவை நோயின் அடையாளங்களாக இருக்கலாம்.

எண்டோஸ்கோபியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் தேடலை அதோடு நிறுத்திவிடுவதும் தவறு, அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பதும் தவறு. உட்புறத்தைக் காட்டும் அக்கருவி தசையின் அழுத்தத்தை அளப்பதில்லை. எனினும், இரைப்பை வாயிலில் வளரும் புற்றுநோய் அகலேசியாவைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், குறிப்பாக வயதானவருக்குச் சில மாதங்களிலேயே சிரமம் முற்றி எடையும் வேகமாகக் குறைந்தால், எண்டோஸ்கோபி இன்றியமையாதது. அழுத்தத்தை அளப்பது மானோமெட்ரி. உணரிகள் வரிசையாகப் பதித்த மெல்லிய குழாயை மூக்கு வழியே செலுத்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் செய்து, ஒவ்வொரு அலையையும் பதிவுசெய்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்னும் திரவத்தைக் குடித்து எடுக்கும் படத்தில், அகலேசியா இருந்தால், விரிந்த குழாயின் அடிமுனை பறவையின் அலகுபோல் கூர்ந்து தெரியும். ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும் சுருக்குத்தசை தளர்வதைக் கெடுக்கக்கூடும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

நெஞ்சுவலியை உணவுக்குழாயின் இறுக்கம் என்று தாமாகவே முடிவுசெய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இதயவலியையும் தணிக்கும், உணவுக்குழாய்த் தசையையும் தளர்த்தும். எனவே அதனால் வலி நின்றது எதற்கும் சான்றாகாது. முதலில் இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும்.

அகலேசியாவுக்கான சிகிச்சைக்குப் பின் அலை முழுமையாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியும். பலூனால் விரித்தாலும், அறுவையிலோ எண்டோஸ்கோபி வழியாகவோ தசையை வெட்டினாலும், இறுகிய வாயில் திறக்கிறதே தவிர, அழிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து நன்றாக மென்று சாப்பிடுவதும், சாப்பிட்டவுடன் படுக்காமலிருப்பதும் தொடர வேண்டும். திறந்துவிட்ட வாயில் வழியே அமிலம் மேலேறக்கூடும் என்பதால், முன்பு பலனளிக்காத அதே அமில மாத்திரை இப்போது பலருக்குத் தேவைப்படுகிறது; விழுங்குவது எளிதாகிவிட்டதென்று தொடர்பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.