ஏர் ரைஃபிள் பெல்லட்: டப்பாவில் தலை அளவைப் பாருங்கள்

மதுரையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகள் பலர், பெல்லட் (ரைஃபிளில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டு) என்றால் எல்லாம் 4.5 மி.மீ. தானே என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். நல்ல டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு, அதாவது பெல்லட்டின் முன்பக்க விட்டம், மி.மீ. கணக்கில் தனியாக அச்சிட்டிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கான இந்த வித்தியாசம் முக்கியம். இலக்கின் நடுப்புள்ளியே அரை மில்லிமீட்டர்தான்!

எந்த அளவு நல்லது என்று பயிற்சியாளரைக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு ரைஃபிள் குழலுக்கும் ஒவ்வொன்று ஒத்துவரும். நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு அளவு வாங்குங்கள். ரைஃபிளை அசையாமல் தாங்கியில் பொருத்தி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். கையில் பிடித்துச் சுட்டால் உங்கள் கை நடுக்கமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒத்துவந்த அளவு கிடைத்ததும், டப்பாவில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறித்துக்கொண்டு அதிலேயே கூடுதலாக வாங்கி வையுங்கள். தொகுதி மாறினால் மறுபடி சோதிக்க வேண்டியதுதான். போட்டிக்கு முந்தின வாரம் புது டப்பா திறப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், டப்பாவை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு நம்ம ஊர் மேடு பள்ளங்களில் குலுக்காதீர்கள். ஈயம் மென்மையானது, பெல்லட்டின் பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும் பகுதி நசுங்கிவிடும். நசுங்கியதை ஒதுக்கிவிடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வடையைத் தொடுங்கள்.