தண்ணில இருக்குற மைக்ரோ பொல்யூட்டன்ட் ஆராய்ச்சிக்கு வரப்போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டா அது மொத்தமும் உடம்போட போயிடாது, ஒரு பங்கு சாக்கடை வழியா சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, அங்கயும் முழுசா நிக்காம ஆத்துல கலந்துடுது. இந்த மாதிரி ரொம்பக் கொஞ்சமா கலந்திருக்குற மருந்து, பூச்சிமருந்து, பீஃபாஸ்ங்கிற லேசுல அழியாத கெமிக்கல், இதுங்களைத்தான் மைக்ரோ பொல்யூட்டன்ட்னு சொல்றோம், இது எல்லாத்தையும் தண்ணில இருந்து எடுக்குற ஆராய்ச்சிக்கு வரணும்னு நிறைய பசங்களும் பொண்ணுங்களும் கேக்குறாங்க, மனசுக்கு சந்தோஷமா இருக்கு, ஆனா திரும்பத் திரும்ப ஒரே இடத்துல சறுக்குறாங்க.

பெரிய சறுக்கல், மெட்டீரியல்ல இருந்து ஆரம்பிக்கிறதுதான். தேங்கா சிரட்டைல கார்பன், டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பவுடர்னு ஏதோ ஒண்ணு செஞ்சு, டிஸ்டில்ட் வாட்டர்ல மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயத்தைக் கரைச்சு, நீலம் போயிடுச்சு, 98% ரிமூவல்னு பேப்பர் போட்டுடுறோம். கணக்கு போட்டுப் பாருங்க, சாயம் லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஆத்துல ஒரு மருந்து லிட்டருக்கு 100 நானோகிராம் இருக்குன்னு வைங்க, ரெண்டுக்கும் 1 லட்சம் மடங்கு வித்தியாசம். அதுவும் போக நிஜக் கழிவுநீர்ல கரைஞ்ச ஆர்கானிக் கார்பன் லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்கும், அது மருந்துக்கு முன்னாடி கார்பனோட துளைல போய் உக்காந்துக்கும், மருந்தை உடைக்க ஓசோன் விட்டா ஓசோனையும் அதுவே தின்னுடும். அதனாலதான் ஒரு கிராம் கரைஞ்ச கார்பனுக்கு இத்தனை கிராம் ஓசோன்னு டோஸ் சொல்றாங்க. பக்கத்து எஸ்டிபில, அதான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல, அனுமதி வாங்கி, சுத்திகரிச்சு வெளிய விடுற தண்ணி ஒரு கேன் எடுத்துட்டு வந்து அதுல ஓட்டிப் பாருங்க. 98 எங்கயோ இறங்கிடும், ஆனா அந்த நம்பருக்குத்தான் மதிப்பு.

அடுத்தது அளக்குறதுல. நான் சேந்த புதுசுல பிளாஸ்டிக்ல இருந்து வர்ற பிஸ்ஃபீனால் ஏவை கார்பன் போட்டு எடுத்துட்டு, அந்த சாம்பிளை நைலான் சிரிஞ்ச் ஃபில்டர்ல வடிகட்டி, தண்ணில எது எவ்வளவு இருக்குன்னு அளக்குற ஹெச்பிஎல்சி மெஷின்ல போட்டேன், ரிசல்ட் பிரமாதம். அப்புறம் கார்பனே போடாத பாட்டில் ஒண்ணையும் அதே மாதிரி வடிகட்டிப் பாத்தா அதுலயும் பாதி காணோம், ஃபில்டரே உறிஞ்சிருக்கு. மூணு மாச டேட்டா போச்சு. அதனால மெட்டீரியல் போடாம ஒப்பிட்டுப் பாக்குற கன்ட்ரோல், வெளிச்சத்தை வச்சு உடைக்கிற போட்டோகேட்டலிசிஸ்னா வெளிச்சமே இல்லாத இருட்டு கன்ட்ரோல், இது ரெண்டும் இல்லாம ஒரு நாளும் ஓட்டாதீங்க. நானோகிராம் அளவையும் அளக்குற எல்சி-எம்எஸ் மெஷின்னா ஐசோடோப் லேபிள் பண்ண இன்டர்னல் ஸ்டாண்டர்டு, அதாவது அதே மருந்தோட எடை மட்டும் கொஞ்சம் மாறுன, அளவு தெரிஞ்ச நகல், கண்டிப்பா வேணும், கழிவுநீர்ல இருக்குற மத்த சரக்கு சிக்னலையே அமுக்கிடும், இல்லாத ரிமூவல் இருக்குற மாதிரி தெரியும்.

மெஷின் வரையுற கிராஃப்ல மருந்தோட பீக் காணாம போச்சுன்னா விஷம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. டயர் ரப்பர் வெடிக்காம இருக்கச் சேக்குற 6பிபிடிங்கிற கெமிக்கல் ஓசோனோட சேந்து 6பிபிடி-க்வினோனா மாறுது, அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் மழை பெஞ்சா ஓடைல கோஹோ சால்மன் மீன் கூட்டமா சாகுறதுக்கு அதுதான் காரணம்னு 2020-ல கண்டுபிடிச்சாங்க. ப்ரோமைடு இருக்குற தண்ணில ஓசோன் விட்டா ப்ரோமேட் வரும், குடிதண்ணில அதுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அதனால என்னவா மாறுச்சு, அந்தத் தண்ணில உயிர் தாங்குதான்னும் பாருங்க.

வேலைன்னா ப்ரொஃபசர் வேலை மட்டும்தான்னு நினைக்கிறதும் தப்பு. சுவிட்சர்லாந்து 2016-லயே சட்டம் போட்டு, தேர்ந்தெடுத்த நிலையங்கள்ல ஓசோனோ ஆக்டிவேட்டட் கார்பனோ வைக்கச் சொல்லிடுச்சு, ஐரோப்பிய யூனியனோட 2024 டைரக்டிவ்படி 1,50,000 பேருக்குச் சமமான சுமைல இருந்து மேல இருக்குற நிலையங்கள் 2045-க்குள்ள மைக்ரோ பொல்யூட்டன்ட்டை எடுக்குற நாலாவது கட்ட சுத்திகரிப்பு வைக்கணும். அங்க பைலட் பிளான்ட்ங்கிற சோதனை நிலையத்தை ஓட்டத் தெரிஞ்ச ஆளும், சாம்பிள் அளக்கத் தெரிஞ்ச ஆளும் தேவைப்படும்.

பல நாட்டுல பிஹெச்டி இடம் குடுக்குற ஐரோப்பிய யூனியனோட மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க்குக்கு அப்ளை பண்றவங்க ஒண்ணு கவனிங்க. வேலைக்கு எடுக்குற தேதிக்கு முந்தின 36 மாசத்துல, போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல தங்கியிருந்தா எடுக்க மாட்டாங்க. ஜெர்மனில மாஸ்டர்ஸ் முடிச்ச கையோட ஜெர்மனி பொசிஷனுக்கே போட்டு அடிபடுறவங்க இருக்காங்க, அதே நெட்வொர்க்ல நெதர்லாந்துலயோ ஸ்பெயின்லயோ இருக்குற பொசிஷனுக்குப் போடுங்க.