அஜ்மான் கடற்கரையில் வீடு பார்க்கும் மதுரைக்காரர்களுக்கு

பெருங்குடியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் துபாய். விசா கையில் வந்ததும் பையன்கள் என்னிடம் வந்து நிற்பார்கள்: "மாமா, கடல் பக்கமா, வாடகை கம்மியா எந்த ஏரியா?" கேட்பதில் தப்பில்லை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனால்தான் கடல் என்று வளர்ந்தவர்கள் நாம். வைகையில் நாலு நாள் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர். பால்கனியில் நின்றால் கடல் தெரியும் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் எதுவும் காதில் ஏறாது. ஷார்ஜாவில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

கடற்கரையோரம் வடக்கே போகப்போக வாடகை இறங்கும், இதுதான் கணக்கு. துபாயை அடுத்து ஷார்ஜா, ஷார்ஜாவை ஒட்டி அஜ்மான், அதையும் தாண்டி உம் அல் குவைன், ராஸ் அல் கைமா. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் ஏழு எமிரேட்டுகளில் சிறியது அஜ்மான்தான். துபாயில் ஒரு அறைக்குக் கொடுக்கிற காசில் அங்கே தனி வீடே கிடைக்கும் என்பார்கள், ரொம்பப் பொய்யில்லை. ஷார்ஜாவில் கடல் பக்கம் வேண்டுமென்றால் அல் கான், அல் மம்சார். காயல் பக்கம் என்றால் அல் மஜாஸ். கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, துபாய்க்குப் பக்கம் வேண்டும் என்றால் எல்லையில் அல் நஹ்தா. தெருவின் இந்தப் பக்கம் ஷார்ஜா, அந்தப் பக்கம் துபாய்.

மதுரை வெயிலையே பார்த்தவன், அந்த வெயில் என்னை என்ன செய்யும் என்ற வீராப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நம்முடையது காய்ந்த வெயில். நிழலுக்கு வந்தால் உயிர் திரும்பும். அங்கே கடலோரத்தில் ஆகஸ்டு மாதம் இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து எதிரில் வருபவர் முகம் தெரியாது. பத்தடி நடப்பதற்குள் சட்டை ஒட்டிக்கொள்ளும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பால்கனிக் கதவை யாரும் திறப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்குத்தான் கடல் தெரிகிற வீட்டுக்கு மதிப்பு. ஏசி ராப்பகலாக ஓடும் என்பதால், அதன் செலவு வாடகையில் சேர்ந்ததா, கரண்ட் பில்லில் வருமா, அல்லது கட்டடம் முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து குளிர் அனுப்பி அதற்குத் தனி பில் போடுகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

அடுத்தது ரோடு. அஜ்மானிலிருந்து துபாய் தேரா பக்கம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். இங்கிருந்து மேலூர் போகிற தூரம் என்று நினைத்துக்கொள்வீர்கள். காலை ஏழு மணிக்கு அல் இத்திஹாத் ரோட்டில் நின்று பாருங்கள், தெரியும். மெட்ரோ துபாய்க்குள்ளேயே ஓடுகிறது; ஷார்ஜாவுக்கும் அஜ்மானுக்கும் கிடையாது. பஸ் உண்டு, அதுவும் அதே நெரிசலில்தான் நிற்கும். கார் என்றால் மம்சாரில் சலிக் என்கிற சுங்க கேட். 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஒரு தடவைக்கு 6 திர்ஹம், மற்ற நேரம் 4; நள்ளிரவு ஒரு மணியிலிருந்து காலை ஆறு வரை இலவசம். சுங்கம் மிச்சம் என்று 311 ரோட்டைப் பிடித்தால் அங்கேயும் அதே கூட்டம். உங்கள் வேலை ஜெபல் அலியில் என்றால் அஜ்மானைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒரு வழிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். வேலை இடம் எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் ஏரியா பார்ப்பது வீண் வேலை.

அரசாங்க வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி, அப்புறம் பேங்க் கணக்கு, அப்புறம் செக் புக். இதெல்லாம் கம்பெனி பிஆர்ஓ, அதாவது அரசாங்க ஆபீஸ் வேலைகளைப் பார்க்கிற ஆள், கூட்டிக்கொண்டு போய் முடித்துத் தருவார். வாடகையை வருஷக் கணக்கில்தான் சொல்வார்கள். நாலு செக், ஆறு செக் என்று பின்தேதி போட்டு மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். நம்ம ஊர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் இல்லை, ஒத்தியும் இல்லை. டெபாசிட் பெரும்பாலும் வருஷ வாடகையில் நூற்றுக்கு ஐந்து, புரோக்கருக்கும் ஏறக்குறைய அதே அளவு. கான்ட்ராக்டைப் பதிய வேண்டும்: துபாயில் எஜாரி, ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் முனிசிபாலிட்டி முத்திரை. துபாய்க்குள் இருந்தால் வருஷ வாடகையில் நூற்றுக்கு ஐந்து வீட்டு வரியாகப் பன்னிரண்டாகப் பிரித்துக் கரண்ட் பில்லிலேயே வந்துவிடும்; பில்லைப் பார்த்துப் பதறாதீர்கள்.

இனிமேல் சொல்வதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஐடி வந்து, கணக்குத் திறந்து, செக் புக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை புது ஆள் பெயரில் முறையான வீடு எடுக்க வழியில்லை. பெட் ஸ்பேஸில், அதாவது ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஏழெட்டு பேரோடு, ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு இருப்பீர்கள். சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு ஊர்க்காரர் வருவார். "தம்பி எந்த ஊரு? மதுரையா? நமக்குச் சிவகங்கைப் பக்கம்தான்." அவரிடம் அஜ்மானில் கடல் பார்த்த வீடு இருக்கும். செக் வேண்டாம், புரோக்கர் வேண்டாம், மாதா மாதம் ரொக்கம் கொடுத்தால் போதும். முன்பணம் மட்டும் மூன்று மாதம்.

என் அக்கா மகனுக்கு நடந்தது இதுதான். பையன் துபாய் அல் கூஸில் ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறான். கல்யாணமாகி ஒரு குழந்தை. மனைவியும் குழந்தையும் வில்லாபுரத்தில். வீட்டைப் பார்த்த அன்றே பால்கனியில் நின்று கடலை வீடியோ எடுத்து அனுப்பினான். எங்கள் அக்கா அதைத் தெருவில் காட்டாத ஆளில்லை. வாடகை ரசீது எங்கேடா என்று போனில் கேட்டேன். "நம்ம ஆளு மாமா, அவர்கிட்ட போய் ரசீது கேக்கவா?" என்றான்.

ஃபேமிலி விசா போடலாம் என்று, விண்ணப்பம் அடித்துத் தருகிற டைப்பிங் சென்டருக்குப் போனபோதுதான் முதல் அடி. சம்பளம் சரியாக இருந்தது. 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி கொடுக்கிற தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். கவுன்டரில் இருந்த மலையாளிப் பையன் முத்திரை போட்ட வாடகைக் கான்ட்ராக்ட் கேட்டான். அது ஊர்க்காரர் பெயரில் இருந்தது. "மாத்திடலாம் தம்பி, ஓனர் ஊர்ல இல்ல" என்றார் அவர். அடுத்த வாரம் ஓனர் உம்ராவுக்குப் போயிருந்தார். அதற்கடுத்த வாரம் முனிசிபாலிட்டியில் சிஸ்டம் வேலை செய்யவில்லை. இப்படியே ரம்ஜான் வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் கதவில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உள்ளே கரண்ட் இல்லை. வாட்ச்மேன் பாவம், பட்டான், தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: செக் திரும்பிவிட்டதாம், ஓனர் ஆள் வந்து போனாராம். இவனிடம் வாங்கிய ரொக்கம் ஓனரிடம் போய்ச் சேரவே இல்லை. ஊர்க்காரரின் போன் அணைந்து கிடந்தது. ஓனரின் ஆள் வந்து இவனைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, நீ யார்? அந்தக் கேள்விக்குக் காட்ட இவனிடம் வாட்ஸாப்பில் "பணம் கிடைத்தது தம்பி" என்ற ஒரு வரியைத் தவிர ஒன்றுமில்லை. முன்பணம் போனது, அந்த மாத வாடகை போனது. சொந்தக் காசில் வாங்கிப் போட்ட வாஷிங் மெஷினை எடுத்துக்கொண்டு வருவதற்கே கெஞ்ச வேண்டியிருந்தது. வில்லாபுரத்தில் வாங்கி வைத்த பெட்டி அலமாரி மேல் தூசி படிந்ததும், "எப்பப்பா நாம கடலுக்குப் போறோம்?" என்று குழந்தை கேட்டதும் தனிக் கதை.

இதில் சட்டத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை. துபாயின் 2007-ஆம் ஆண்டு 26-ஆம் எண் வாடகைச் சட்டப்படி, ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வாடகைக்கு எடுத்தவர் வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் இருவரையும் காலி செய்யச் சொல்லலாம். உள்வாடகைக்கு வந்தவர் நஷ்டத்தை அந்த நடுவாளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவரே ஊரில் இல்லையென்றால் யாரிடம் கேட்பது? ஷார்ஜாவோ அஜ்மானோ, நீங்கள் கேட்க வேண்டிய தாள் அதேதான்: ஓனர் கையெழுத்துப் போட்ட சம்மதம். நம்ம ஊரில் அக்ரிமென்ட் இல்லாமலே வாய்ப்பேச்சில் இருபது வருஷம் ஒரே வீட்டில் குடியிருப்பார்கள். தெற்கு வெளி வீதிப் பக்கம் எனக்கே அப்படி இரண்டு குடும்பங்களைத் தெரியும். அந்தப் பழக்கத்தில் போய் நிற்கிறோம். ஊர்ப் பெயரைச் சொன்னால் உருகிவிடுகிறோம். எனக்குக் கோபம் அந்த ஆள் மேல் பாதி, இந்த உருக்கத்தின் மேல் பாதி.

அதனால் செக் புக் வரும் வரை பெட் ஸ்பேஸில் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அல்லது கம்பெனி அறையை விடாதீர்கள். யாராவது வீடு தருகிறேன் என்றால், பதிந்த கான்ட்ராக்டில் யார் பெயர் என்று கண்ணால் பாருங்கள். அவர் பெயர் இருந்தால் ஓனரின் சம்மதக் கடிதம் கேளுங்கள். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளித்தால் "ஆமாண்ணே, இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். தண்ணீர், கரண்ட் கணக்கு உங்கள் எமிரேட்ஸ் ஐடியில் திறக்கப்பட வேண்டும். பணத்தைப் பேங்க் வழியாக மட்டும் கொடுங்கள். பலகை தடுத்து அறையாக்கிய பார்ட்டிஷன் வீட்டுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். சோதனைக்கு வந்தால் முதலில் வெளியே நிற்பது நீங்கள்தான்.

இன்னும் இரண்டு விஷயம். 2024 ஏப்ரல் 16 மழையில் ஷார்ஜாவில் அல் மஜாஸ், அல் காசிமியா பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே என்றால் அந்த வாரம் என்ன ஆனது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இதையும் பாருங்கள்: 2022 முதல் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பள்ளி விடுமுறை. உங்கள் துபாய் ஆபீஸ் வெள்ளிக்கிழமை வேலை நாளாக இருந்தால் அன்று பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே யோசித்துவிடுங்கள்.

பையன் இப்போது ஷார்ஜா அல் நஹ்தாவில் இருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசிப் பெட்டிகள்தான் தெரியும். கான்ட்ராக்ட் அவன் பெயரில் இருக்கிறது. மனைவியும் குழந்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி அஜ்மான் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அங்கே உட்கார யாரும் காசு கேட்பதில்லை. மல்லிகைப்பூதான் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அநியாய விலை என்று அந்தப் பெண் புலம்புகிறது. அதற்கு நான் வழி சொல்ல முடியாது.

காலி செய்யும்போது கடைசித் தண்ணீர், கரண்ட் பில்லைக் கட்டி, கணக்கை மூடி, டெபாசிட் கைக்கு வந்த பிறகு மதுரைக்கு டிக்கெட் போடுங்கள். நம்மவர்களில் பலர் ஊருக்குப் போகிற அவசரத்தில் அந்தப் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.